இடது பக்கம் இழுக்கும் சிவப்பு

ஆமாம், ஏமாற்றினேன். என் மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டுப் பெரியவரை, என் சம்பந்தியை, நன்றாகத் தெரிந்தே ஏமாற்றினேன்.

எதில் என்று கேட்டால் சிரிப்பீர்கள். வீடியோ கேமில்!

சிரியுங்கள். கடைசி வரைக்கும் கேட்டுவிட்டு, அப்போதும் சிரிப்பு வருகிறதா என்று நீங்களே பாருங்கள்...

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். அஞ்சாவது தாண்டாதவன். லாரியில் கிளீனராக ஏறியவன். திண்டிவனம் மார்க்கெட்டில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டை ஏற்றி இறக்கி, ஸ்டியரிங் பிடித்து, சொந்த வண்டி வாங்கி, இன்றைக்குப் பைபாஸ் ஓரத்தில் என் லாரிகள் வரிசையாக நிற்கின்றன. யாரும் கைதூக்கி விடவில்லை. நானே ஏறினேன். சத்தத்தை வைத்தே எந்தச் சக்கரத்தில் என்ன கோளாறு என்று சொல்லிவிடுவேன். பெருமையடிக்கிறேன் என்கிறீர்களா? அடிக்கத்தான் அடிக்கிறேன்! பட்ட பாட்டுக்கு அதுகூட இல்லையென்றால் எப்படி?

அந்தப் பெருமைதான் என்னைக் கவிழ்த்தது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்குப் புது கேம் மெஷின் வருகிறது. பெங்களூரிலிருந்து மாப்பிள்ளை கொண்டுவருகிறார். கையில் பிடித்தும் ஆடலாம். அதற்கென்று ஒரு தொட்டில் மாதிரி வரும், அதில் செருகிவிட்டால் டிவியிலும் ஆடலாம். பழைய மெஷினும் அதே ஜாதிதான். ஆனால் இது பெரிய திரையாம். இரண்டு பக்கத்துக் கைப்பிடியும் காந்தத்தில் டப்பென்று ஒட்டிக்கொள்ளுமாம்! செல்போனில் அதைப் பற்றி வருகிற வீடியோ ஒன்று விடாமல் பார்த்துவிட்டேன். என் மனைவி, "பொண்ணு பாக்கப் போற மாப்ள மாதிரி பண்றீங்களே, அசிங்கமா இல்ல?" என்று கேட்கிறாள். இல்லை. துளிக்கூட அசிங்கமாக இல்லை! இந்த வயதில் ஒரு பொருளுக்காக இப்படி நெஞ்சு அடித்துக்கொள்வது கொடுப்பினை அல்லவா?

சந்தேகங்களும் உண்டு. பழைய கேம் அட்டைகளை இது ஏற்குமா? பேட்டரி நிற்குமா? கனமாக இருக்குமோ? இதெல்லாம் சும்மா. நிஜமான சந்தேகம் ஒன்றே ஒன்றுதான். அந்தக் கைப்பிடியில் கட்டைவிரலால் தள்ளுகிற குமிழ்... அது நேராக நிற்குமா?

நிற்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். நின்றுவிட்டால் என்ன ஆகும் என்று பயப்படுகிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

சம்பந்திக்கு விழுப்புரம். ரயில் ஓட்டி ரிட்டயர் ஆனவர். நல்ல மனிதர், ஆனால் வாய் இருக்கிறதே! கல்யாணப் பந்தியிலேயே ஆரம்பித்துவிட்டார். "நீங்க பஞ்சராகி ரோட்டோரமா ஒக்காந்திருக்கச் சொல்ல, நாங்க டாட்டா காட்டிக்கினே போவோம் சம்பந்தி!" என்றார். பந்தியே சிரித்தது. நான் விடுவேனா? "தண்டவாளம் இழுத்துக்கினு போற வண்டிக்கு டிரைவர் இன்னாத்துக்கு? ஸ்டியரிங்கே இல்லாத வண்டி!" என்றேன்.

"ஸ்டியரிங் இல்லாத வண்டிய நிறுத்தறதுதான்யா வித்தை. ஊரு சனம் அத்தனையும் பின்னால தூங்கிக்கினு வரும்" என்று இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டினார். அசையாத கைகள். அந்தக் கைகள்தான் அவருடைய சொத்து, மெடல், எல்லாம்.

வளைகாப்பு முடிந்து மகள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். அவளைப் பார்க்க வாரக் கடைசியில் வருகிற மாப்பிள்ளை, பொழுது போக அந்தப் பழைய மெஷினைக் கொண்டுவந்து டிவியில் மாட்டிவிட்டார். கார் பந்தயம். அவருக்குத் தனியாகப் பெரிய கைப்பிடி வைத்திருந்தார். மெஷினோடு வந்த கைப்பிடி இரண்டு பாதியாகக் கழன்று வரும். ஒரு பாதி நீலம், ஒரு பாதி சிவப்பு. ஆளுக்குப் பாதி. சிவப்பு எனக்கு, மருமகளைப் பார்க்க விழுப்புரத்திலிருந்து பாசஞ்சரில் வந்திறங்கிய சம்பந்திக்கு நீலம். கிழவர்களுக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று ஆக்சிலேட்டர் தானாகவே அழுந்தும்படி மகள் அமைத்துக் கொடுத்தாள். நாங்கள் திருப்பினால் போதும்.

ஆகா, அந்த ஞாயிற்றுக்கிழமைகள்! சாப்பாடு முடிந்ததும் இரண்டு கிழங்களும் சோபாவில் ஏறிக்கொண்டு கத்துகிற கத்தலில் தெருவே எட்டிப் பார்க்கும். வயது போன இடம் தெரியவில்லை!

ஆனால் நான் தோற்றுக்கொண்டே இருந்தேன்.

"இன்னா சம்பந்தி, லாரிய ரோட்டுல ஓட்டினீங்களா, கழனில ஓட்டினீங்களா?" என்று என் வீட்டிலேயே உட்கார்ந்துகொண்டு கேட்டார். என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஸ்டியரிங் பிடித்தே மனிதனானவன் நான். என் கை போய்விட்டதா?

ஒருநாள் மதியம் தனியாக ஆடிக்கொண்டிருந்தேன். மனைவி கூப்பிட்டாள் என்று சிவப்பைச் சோபாவில் வைத்துவிட்டு எழுந்தேன். திரும்பிப் பார்த்தால்... யாரும் தொடாமலே திரையில் கார் இடது பக்கமாகத் திரும்பிக்கொண்டிருந்தது! கையில் எடுத்து நேராக்கினேன். விட்டேன். மறுபடியும் இடது.

லாரிக்காரனுக்கு இதைச் சொல்லித் தர வேண்டுமா? அலைன்மெண்ட் போன வண்டி! கையை விட்டால் ஒரு பக்கமாக இழுக்கும். குமிழ் தேய்ந்துவிட்டது, அவ்வளவுதான். என் கையில் கோளாறு இல்லை! ஒற்றை ஆளாக நின்று சிரித்தேன். கண்ணில் தண்ணீர்கூட வந்தது. அந்த நிம்மதி எத்தனை ருசி என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் இன்னொருவருக்குக் கொடுக்காமல் வைத்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சம்பந்தியிடம் சிவப்பை நீட்டினேன். "ரயில்காரருக்குச் செகப்புதான் பொருத்தம். கொடியும் செகப்பு, சிக்னலும் செகப்பு. புடிங்க, ராசி மாத்திக்கலாம்!"

சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார்.

ஒரு வாரம் வேடிக்கை பார்த்துவிட்டுச் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். நம்புகிறீர்களா? நான் நம்பவில்லை... ஏனென்றால் ஜெயித்தேன்! ஜெயித்துக்கொண்டே இருந்தேன். "ஸ்டியரிங் புடிச்ச கை எது, புடிக்காத கை எதுன்னு இப்பத் தெரியுதா?" என்று வீடே கேட்கும்படி சொன்னேன். அவர் முதலில் கண்ணாடியைத் துடைத்தார். அப்புறம் சோபாவில் இடம் மாறி உட்கார்ந்தார். அப்புறம் ஒருநாள், ஆட்டத்தை நடுவில் விட்டுவிட்டுத் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இங்கேதான் நீங்கள் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். அவர் காலமெல்லாம் ஓட்டிய வண்டி ஒரு பக்கமாக இழுத்ததே கிடையாது. தண்டவாளம் விடாது. எந்த லாரி டிரைவராக இருந்தாலும், என்னை மாதிரிக் கொஞ்சம் தாமதமாகவாவது, வண்டியைச் சந்தேகப்படுவான். அவருக்கு அது தெரியாது. கார் இடது பக்கம் போனால் தன் கைதான் போகிறது என்று நினைத்தார்.

"நான் நேராதான் தள்றேன் சம்பந்தி... கை கேக்க மாட்டேங்குது" என்றார், மெல்ல.

அந்த நிமிடம் சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. அப்போதுதான் என் மனைவி காபியோடு வந்து, "யாரு கெலிச்சது?" என்று கேட்டாள். "வேற யாரு!" என்றேன்.

வெறும் இரண்டு வார்த்தை. இன்றைக்கும் அது என் காதில் கேட்கிறது.

விழுப்புரத்திலேயே ஒரு நரம்பு டாக்டரிடம் போனார். பெரிதாக ஒன்றும் தெரியவில்லை என்றுதான் டாக்டர் சொன்னாராம். இவர் விடவில்லை. எனக்குத் தெரியும் சார், கை இடது பக்கமாக இழுக்குது என்று பிடிவாதமாகச் சொல்லி மாத்திரை எழுதி வாங்கி வந்தார். மாத்திரை தின்று பகலெல்லாம் தூங்கினார். சம்பந்தியம்மாவை மார்க்கெட்டுக்கும் கோயிலுக்கும் ஏற்றிப்போகிற ஸ்கூட்டரைத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டார். "பேஜாரா கீது சம்பந்தி, எங்கனா கவுத்துட்டேன்னா?" அந்த அம்மா இப்போது ஷேர் ஆட்டோவுக்கு வெயிலில் நிற்கிறார்கள்.

வேடிக்கை எப்போதோ முடிந்துவிட்டது. இனிமேல் சொன்னால் என் மானம் போகும். மகள் என்ன நினைப்பாள்? மாப்பிள்ளை என்ன நினைப்பார்? இப்படியே ஒவ்வொரு வாரமும் கணக்குப் போட்டேன். ஒவ்வொரு வாரமும் சிவப்பை அவரிடமே நீட்டினேன். ஆம், அதற்குப் பிறகும்!

பேத்தி பிறந்தாள். பேர் வைக்கிற நாள். எங்கள் பக்கத்தில் அப்பாவைப் பெற்றவர்தான் குழந்தையை மடியில் வாங்கி, காதில் மூன்று முறை பேரைச் சொல்ல வேண்டும். அவருடைய முறை. அவருடைய முதல் பேத்தி. புது வேட்டி கட்டிக்கொண்டு மணையில் உட்கார்ந்தார். மகள் குழந்தையை நீட்டினாள். அவர் கையை நீட்டவில்லை.

"வேணாம்மா... என் கைய நம்பிக் குடுக்காத."

அவர் என்னைப் பார்த்தார். "நீங்க வாங்குங்க சம்பந்தி. உங்க கைதான் ஸ்டெடியான கை."

நான் என்ன செய்தேன் தெரியுமா? வாங்கினேன்! மணையில் உட்கார்ந்து, மடியில் வாங்கி, மூன்று முறை பேரைச் சொன்னேன். சொல்லும்போது, சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குப் பெருமையாக இருந்தது. எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள் என்று பெருமையாக இருந்தது... சம்பந்தி என் பக்கத்தில் நின்று, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, குழந்தையின் முகத்தை மட்டும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்றுவரை அவர் அந்தக் குழந்தையைத் தூக்கியதில்லை.

இப்போது புரிகிறதா, நான் ஏன் குமிழைப் பற்றியே பேசுகிறேன் என்று? புது மெஷினில் எந்தக் கைப்பிடியைக் கொடுத்தாலும் அது நேராகத்தான் போகும். ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் தள்ளுவார். கார் நேராகப் போகும். அப்போது அவருக்குத் தெரிந்துவிடும்! திரும்பி என்னைப் பார்ப்பார். நானே முந்திக்கொண்டு சொல்லிவிடுவது நல்லதா? சனிக்கிழமையே விழுப்புரம் போய் நிற்கட்டுமா? பாதி நேரம் இதே யோசனை. மீதி நேரம் புது மெஷினின் வீடியோ. வெட்கமாக இருக்கிறது, ஆனால் ஆசை அடங்கவில்லை! பெரிய திரை, காந்தத்தில் ஒட்டுகிற கைப்பிடி, பக்கத்தில் சம்பந்தி, நேருக்கு நேர் ஒரு நியாயமான பந்தயம்... தோற்றாலும் பரவாயில்லை. இல்லை, பொய். தோற்கப் பிடிக்காது.

நேற்று அவரே போன் செய்தார். குரலில் பழைய துள்ளல்.

"சம்பந்தி! புது மெஷின் வருதாமே? மாப்ள சொன்னாரு!"

மாப்பிள்ளை என்றது அவர் பெற்ற மகனைத்தான். என்னிடம் பேசும்போது மட்டும் கிண்டலாக அப்படிச் சொல்வார். அந்தக் கிண்டலைக் கேட்டு எத்தனை நாளாயிற்று!

"வருது, வருது. ஜல்தி வந்து சேருங்க" என்றேன்.

"வர்றேன், வர்றேன். ஒண்ணு கேளுங்க. டாக்டரு மாத்திரைய மாத்திக் குடுத்துக்கிறாரு. இது கொஞ்சம் பவரு ஜாஸ்தியாம். புது மெஷின்ல ஓட்டிப் பாக்கறேன். வண்டி நேரா போச்சின்னு வைங்க... அங்கியே, அந்த சோபாலயே, பேத்திய வாங்கி மடில வச்சிக்கறேன். போவலன்னா, ஸ்கூட்டர வித்துட்டு ஒக்காந்துடறேன். இன்னா சொல்றீங்க?"

மாத்திரை! கார் நேராகப் போனால் அவர் மாத்திரையைத்தான் கும்பிடுவார். என் பக்கம் திரும்பவே மாட்டார். யாருக்கும் எதுவும் தெரியவராது. இது புரிந்ததும் எனக்கு முதலில் வந்தது என்ன தெரியுமா?

சந்தோஷம்! தப்பித்தேன் என்கிற சந்தோஷம்!

அதற்குப் பின்னால்தான் மற்றது வந்தது. இல்லாத வியாதிக்கு, கை நேராகிவிட்டது என்று நம்பி, சாகிற வரைக்கும் அந்த மாத்திரையைத் தின்றுகொண்டிருப்பாரே... ஒரு வேளை தவறவிட்டாலும் குழந்தையைக் கீழே விடப் பயப்படுவாரே...

"நேராதான் போவும் சம்பந்தி" என்றேன்.

"உங்க வாய் முகூர்த்தம் பலிக்கட்டும்!" என்றார். போனை வைத்துவிட்டார்.

கூடத்துக்கு வந்தேன். புது மெஷினுக்கு இடம் வேண்டும் என்று மனைவி டிவிக்குக் கீழே துடைத்து வைத்திருந்தாள். கழற்றி எடுப்பதற்கு முன்னால் பழையதைக் கடைசியாக ஒரு தடவை போட்டேன். சிவப்பைச் சோபாவில் வைத்தேன், அவர் உட்காருகிற இடத்தில்.

யாரும் தொடவில்லை. கார் இடது பக்கமாகத் திரும்பிச் சுவரில் உரசிக்கொண்டே போனது. எதிரில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், என்னுடைய ஸ்டெடியான இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு.