என் சைக்கிளில் போனவன்

அவனைப் பற்றி நல்லவிதமாக நாலு வார்த்தை எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்து இன்றோடு மூன்று நாள். முதல் வார்த்தையைத் தொடும்போதே வயிறு எரிகிறது. இருந்தாலும் எழுதித்தான் ஆகவேண்டும்.

எங்களுக்கு அவன் லிஃப்ட்டு. லிஃப்ட் பழுதுபார்க்கிற வேலை. பல் டாக்டரின் மனைவிக்குத் தம்பி. அந்த வழியில்தான் எங்களுக்குள் நுழைந்தான். நாங்கள் என்றால் மூன்று பேர்: பல் டாக்டர், கணக்கு வாத்தியார், அச்சகத்தில் பிழை திருத்தும் நான். இருபது வருடமாக ஞாயிறு தவறாமல் சேர்ந்து சைக்கிள் ஓட்டுகிறோம். மூன்று பேருக்கு நடுவே நாலாவதாக ஒருவனுக்கு இடமில்லை என்பது என் கட்சி. மற்ற இருவரும் அவன் வந்ததுமே நகர்ந்து இடம் கொடுத்துவிட்டார்கள்.

அப்படி என்னதான் இருக்கிறது அவனிடம் என்று நானும் பார்த்துவிட்டேன். பெரிய பேச்சு கிடையாது, பெரிய படிப்பு கிடையாது. நாற்பது வயதிலேயே முன்தலை வழுக்கை. இடுப்பில் எப்போதும் எண்ணெய்க் கறை படிந்த துணி ஒன்று. லிஃப்ட் கதவில் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு ஒரு நிமிடம் நிற்பான். பிறகு என்ன கோளாறு என்று சொல்லுவான். உள்ளே யாராவது மாட்டிக்கொண்டால், கதவு திறக்கும்வரை வெளியே நின்று, பிள்ளைகள் எத்தனை, என்ன படிக்கிறார்கள் என்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருப்பான். ஒருமுறை பல் டாக்டரின் கிளினிக் கட்டடத்தில் ஒரு பெரிய மனிதர் பொறுமையில்லாமல் லிஃப்ட் கதவை உள்ளேயிருந்து உதைத்து, லிஃப்டையே நிற்கவைத்து, தானே மாட்டிக்கொண்டார். வெளியே வந்தவர் எல்லோர் முன்னாலும் தாம்தூம் என்று குதிக்க, இவனோ, ஒயர் லூஸாக இருந்தது, தப்பு எங்கள் பக்கம்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். இதைப் பல் டாக்டர் பெருமையாகச் சொன்னபோது, சுத்த அசடு என்றேன் நான்.

வெளிநாட்டில் ஒன்பது நாள் சைக்கிள் பயணம் என்பது என் யோசனை. இரண்டு வருடம் மூளையைக் கசக்கி, தினம் எத்தனை கிலோமீட்டர், எங்கே தண்ணீர், எங்கே தங்கல் என்று பதினாறு பக்கப் புத்தகமே போட்டேன். எங்கள் அச்சகத்திலேயே அடித்தது. ஒரு பிழை கிடையாது. ஆறாம் நாள்தான் அதன் உச்சம்: முப்பத்திரண்டு வளைவு உள்ள ஒரு மலைக் கணவாய். அந்தப் பக்கத்தை மட்டும் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். கல்யாணத்தன்றுகூட உங்கள் முகம் இப்படி மலரவில்லை என்றாள்.

லிஃப்ட்டு வந்தது சைக்கிள் ஓட்ட அல்ல. எங்கள் பெட்டிகளை ரயிலில் ஊர் ஊராகக் கொண்டுவந்து சேர்க்க. விமானத்தில் எனக்குப் பக்கத்து இருக்கை. என் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, பிழையை எப்படித் திருத்துவீர்கள் என்று கேட்டான். வேண்டாத வரியைச் சிவப்பில் வெட்டுவோம், வெட்டியது தப்பு என்று பிறகு தெரிந்தால் அந்த வரிக்கு அடியில் வரிசையாகப் புள்ளி வைப்போம், வரி பழையபடி நிற்கும் என்றேன். வெட்டியதை அழிக்க மாட்டீர்களா என்றான். அழிப்பதில்லை, புள்ளியே போதும் என்றேன். ஏதோ கேட்காததைக் கேட்டவன் மாதிரி தலையாட்டிக்கொண்டான்.

போய் இறங்கிய மறுநாள் காலை, விடுதி வாசலில் மூன்று சைக்கிள்களையும் பாகம் பாகமாகப் பூட்டித் தயாராக நிறுத்தியாயிற்று. என் சைக்கிளின் சீட்டுக் கம்பியில், சட்டத்துக்குள் இறங்கும் இடத்தில், என் உயரத்துக்கு அடையாளமாகப் பச்சை டேப் சுற்றியிருக்கும். சைக்கிள் முழுதாகப் படத்துக்குள் வரும்படி எடுக்கப் பின்னால் நகர்ந்தேன், இன்னும் கொஞ்சம் நகர்ந்தேன், பூந்தொட்டி மேல் மல்லாந்தேன். வலது மணிக்கட்டு முறிந்தது. இரண்டு வருடத் திட்டத்தில் பெடலை ஒரு சுற்றுகூட மிதிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போடும்போது கணக்கு வாத்தியார் வாயைப் பொத்திக்கொண்டு சன்னல் பக்கம் திரும்பி நின்றார். தோள் குலுங்கியது. அது அழுகை இல்லை என்று எனக்குத் தெரியும்.

திட்டம் தலைகீழானது. நான் பெட்டிகளோடு ரயிலில். சைக்கிள் எதற்குச் சும்மா நிற்க வேண்டும், லிஃப்ட்டு ஓட்டட்டுமே என்றார் பல் டாக்டர். தாராளமாக என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு. என் கண் முன்னாலேயே சீட்டை ஏற்றினான். பச்சை டேப் சட்டத்தை விட்டு இரண்டு விரல் மேலே போய் நின்றது. என்னைவிட அவன் உயரம் என்பதே அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பிறகு நடந்ததெல்லாம் எனக்கு எதிரான சதி. நான் மதியமே அடுத்த ஊர் போய், பெட்டிகளை அறையில் அடுக்கிவிட்டு, சன்னலோரம் உட்கார்ந்திருப்பேன். சாயங்காலம் மூன்று பேரும் வெயிலில் கறுத்து, சிரித்துக்கொண்டே வந்து சேர்வார்கள். இரண்டாம் நாள் மழையில் வழி தப்பி, ஒரு மாட்டுக் கொட்டகையில் மூன்று மணி நேரம் ஒதுங்கி நின்றார்களாம். மூன்றாம் நாள் வாத்தியாரின் பிரேக் ஒயர் அறுந்ததாம். ஒயர் என்றால் லிஃப்ட்டுக்குக் கேட்க வேண்டுமா, பத்து நிமிடத்தில் சரி. நாலாம் நாள் பாலம் உடைந்திருக்க, சைக்கிளைத் தோளில் சுமந்து ஓடையைக் கடந்தார்களாம். என் புத்தகத்தில் ஓடையே கிடையாது. வந்த கஷ்டத்தையெல்லாம் மூன்று பேரும் பங்கு போட்டுக்கொண்டார்கள், எனக்கென்று ஒன்றுகூட மிச்சம் வைக்கவில்லை. என் ரயில் நேரத்துக்கு வந்தது, நேரத்துக்குப் போனது.

அவர்கள் குளிக்கப் போனதும் தினம் இறங்கிப் போய் என் சைக்கிளைப் பார்ப்பேன். ஒரு கீறல் கண்ணில் பட்டாலும் போதும், பிடித்துக்கொள்ளலாம். பாவி துடைத்துப் பளிச்சென்று வைத்திருப்பான். டேப்புக்கும் சட்டத்துக்கும் நடுவே விரலை வைத்து அளப்பேன். இரண்டு விரல். மறுநாளும் அளப்பேன். அதே இரண்டு விரல். “உங்க சைக்கிள் சொன்ன பேச்சு கேக்குது அண்ணா” என்று ஒருநாள் அவன் சொன்னபோது, மாவுக்கட்டுக் கையாலேயே ஒன்று போடலாமா என்றிருந்தது. சிரித்து வைத்தேன்.

ஆறாம் நாள் வந்தது. கணவாய் என்னுடையது, சைக்கிள் என்னுடையது, ஏறப்போகிறவன் மட்டும் அவன். காலைச் சாப்பாட்டு மேசையில் என் வாய் தானாகப் பேசியது. மலையில் மண் சரிந்து பாதையை மூடிவிட்டார்களாம், விடுதிக்காரம்மா சொன்னாள், பாதை இரண்டாகும் பிரிவில் கீழ்ப் பாதையைப் பிடியுங்கள் என்றேன். என் பாஷை அவளுக்குத் தெரியாது, அவள் பாஷை எனக்குத் தெரியாது. யாரும் அதை யோசிக்கவில்லை. ஒரு கால்புள்ளிப் பிழையை விடாதவன் முழுப் பொய் சொல்வான் என்று யார் கண்டார்கள்? என் சைக்கிள் பையிலிருந்த புத்தகத்தை வாங்கி, பதினோராம் பக்கத்தில் கணவாய் வரியை இடது கையால் சிவப்பில் வெட்டினேன். கோடு கோணலாகப் போனது.

சாயங்காலம் மூன்று பேரும் ஈரத் தலையோடு வந்தார்கள். கீழ்ப் பாதையில் ஒரு ஏரி இருந்ததாம். நாள் முழுக்க நீந்தி, மரத்தடியில் தூங்கி எழுந்து வந்தார்களாம். பல் டாக்டர் என்னைக் கட்டிக்கொண்டார். “நீ மட்டும் சொல்லலைன்னா அந்த மலையில நாக்குத் தள்ளியிருக்கும்டா. இந்தப் பயணத்துலயே இன்னைக்குத்தான் உருப்படியான நாள்.” நினைத்தது நடந்துவிட்டது, கணவாயை ஒருவரும் ஏறவில்லை. ஆனால் அந்த ஏரியில் நான் இல்லை. அவர்கள் பாராட்டப் பாராட்ட, நான் குனிந்து ரொட்டியை மென்றுகொண்டே இருந்தேன். லிஃப்ட்டு மட்டும் பாராட்டில் சேராமல் அடுத்த ரொட்டிக்கு வெண்ணெய் தடவி என் தட்டில் வைத்தான். ஒரு கையால் என்னால் முடியாதே.

ஊர் திரும்பி, கட்டுப் பிரித்த அன்று சைக்கிளை வெளியே எடுத்தேன். சீட்டை டேப் வரை சரியாக இறக்கி வைத்திருந்தான். பையில் புத்தகம் இருந்தது. பதினோராம் பக்கம் தானாகத் திறந்துகொண்டது. கோணலான சிவப்புக் கோட்டுக்கு அடியில், வரியின் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை, பென்சிலில் வரிசையாகப் புள்ளிகள்.

புத்தகத்தை மூடி, மறுபடி திறந்து பார்த்தேன். இவனுக்குத் தெரிந்திருக்கிறது. இவனுக்குத் தெரிந்தால் மற்ற இருவருக்கும் தெரியாமலா இருக்கும்? அடுத்த ஞாயிறு எந்த முகத்தோடு அவர்கள் முன் போய் நிற்பேன்? இருபது வருடச் சிநேகிதம் போச்சு. லிஃப்ட்டுக்குப் போன் போட்டேன். ஏதோ கட்டடத்தின் உச்சியில் வேலையாக இருந்தான். புள்ளிகளைப் பார்த்தேன் என்று மட்டும் சொன்னேன்.

“ரோடு திறந்துதான் இருந்துச்சு அண்ணா. நான் கொஞ்சம் முன்னாடி போயிட்டேன். பிரிவுல நிக்கும்போது மேலேருந்து ஒரு பால் வண்டி இறங்கி வந்துச்சு.”

மற்ற இருவருக்கும் தெரியுமா என்று கேட்டேன்.

“அவங்க வர்றதுக்குள்ள வண்டி போயிடுச்சு. அண்ணா சொன்னது சரிதான், மூடியிருக்குன்னு சொல்லிட்டேன். அது உங்க மலை அண்ணா. நீங்க இல்லாம உங்க சைக்கிள்ல நான் ஏறியிருந்தா, அப்புறம் அந்த சைக்கிள நீங்க தொட்டிருக்க மாட்டீங்க.”

கீழே லிஃப்டில் யாரோ மாட்டிக்கொண்டிருக்கிறார்கள், பிறகு பேசுகிறேன் என்று வைத்துவிட்டான். லிஃப்ட் கதவை உதைத்த அந்தப் பெரிய மனிதர்தான் எனக்கு ஞாபகம் வந்தார்.

நன்றி வந்திருக்க வேண்டும். வந்தது பொறாமைதான், முன்னைவிடப் பெரிதாக. அந்தப் பிரிவில் நான் நின்றிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஏறியிருப்பேன். உச்சியில் நின்று படம் எடுத்து அனுப்பியும் இருப்பேன்.

அடுத்த வருடம் அதே கணவாய்க்கு நாலு பேராகப் போகிறோம். புதுப் புத்தகத்தில் போகிறவர்களைப் பற்றி ஆளுக்கு நாலு வார்த்தை என்று வாத்தியார் சொன்னதில்தான் நான் மூன்று நாளாக இப்படி மாட்டிக்கொண்டிருக்கிறேன். நாலு வார்த்தை நாலு பக்கமாகிவிட்டது. இதை அச்சுக்குக் கொடுக்க முடியாது. அவனுக்கு மட்டும் அங்கேயே வாடகைச் சைக்கிள். சீட்டு எவ்வளவு உயரம் வேண்டும் என்று கடைக்காரர் கேட்டு எழுதியிருந்தார். அவனைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார் பல் டாக்டர். கேட்க வேண்டாம், எனக்குத் தெரியும் என்று சொல்லி, என் சீட்டின் உயரத்தைக் குறித்து நானே எழுதினேன்: என்னுடையதற்கு இரண்டு விரல் மேலே.