வாசனை ஊற்றுவதற்கு முன்னால்

எங்கள் வீட்டில் யாரும் கடைக்குப் போய்ச் சோப்பு வாங்கியதில்லை. அது அப்பாவின் டிபன் கேரியர் பையில் வந்துவிடும். நஞ்சன்கூடு பக்கம் ஒரு சின்னத் தொழிற்சாலையில் அவருக்கு வேலை. பெரிய பெயரெல்லாம் இல்லாத கம்பெனி. லாட்ஜுகளுக்கும் சந்தைக் கடைகளுக்கும் போகிற சந்தன வாசனைச் சோப்பு அங்கே தயாரானது. அச்சு சரியாக விழாத கட்டிகளையும் வெட்டிப் போட்ட ஓரத்துண்டுகளையும் ஆட்கள் வீட்டுக்கு எடுத்துப் போகலாம். அதனால் மண்டி மொஹல்லாவில் எங்கள் சந்துக்குள் நுழைகிறவர்களுக்கு வீட்டு நம்பர் தேவைப்படவில்லை, மூக்கு இருந்தால் போதும். அம்மா சோப்பு உறைகளை நீவிப் பீரோவில் புடவைகளுக்கு நடுவே வைப்பாள். என் பள்ளிச் சீருடை, தலையணை உறை, ரேஷன் கார்டு, எல்லாவற்றிலும் ஒரே மணம்.

அப்பா இருந்தது வாசனைப் பிரிவில். வெறும் சோப்பு, ஒடித்த சேமியா மாதிரி வெள்ளையாக உதிர்ந்து கலவை இயந்திரத்துக்குள் விழும். அதன்மேல் எந்த எண்ணெய், எவ்வளவு என்று தீர்மானித்து ஊற்றுவது அவர் பொறுப்பு. புது டிரம் வந்து இறங்கினால் மூடியைத் திறந்து முகர்ந்து, சரக்கு அசலா கலப்படமா என்று சொல்வதும் அவர்தான். முதலாளி உட்பட எல்லோரும் அவரை "மூக்கு சார்" என்றே கூப்பிட்டார்கள். கேலி மாதிரி இருந்தாலும் அது கேலி இல்லை.

ஆயுத பூஜை அன்று குடும்பங்களை உள்ளே விடுவார்கள். இயந்திரங்களுக்கெல்லாம் சாமந்தி மாலை, வாசலில் வாழைக்கன்று, வரும் பிள்ளைகளுக்கெல்லாம் பொட்டலம் பொட்டலமாய்க் கடலைப்பொரி. அப்படிப் போன ஒரு வருஷம், அப்பா நாலைந்து டிரம்களை முகர்ந்துவிட்டுச் சட்டைக் கையைச் சுருட்டி, தன் முழங்கை மடிப்பில் மூக்கை வைத்து ஒரு மூச்சு இழுத்தார். எதற்கு என்று கேட்டேன். "ரொம்ப மோந்தா மூக்கு மரத்துப் போயிடும் கண்ணு. நம்ம தோல் வாசனை நமக்குத் தெரியாது பாரு, அதனால இங்க வச்சு எடுத்தா மூக்கு மறுபடி புதுசாயிடும்" என்றார். மறுநாள் என் வகுப்பு முழுவதும் முழங்கையை முகர்ந்துகொண்டிருந்தது. டீச்சர் ஏதோ தொற்று என்று பயந்துவிட்டார்.

நான் நாலாம் வகுப்புக்கு வந்த வருஷம், மார்கழிப் பனியில், அதே முழங்கை மடிப்பில்தான் எனக்கு ஆரம்பித்தது. முதலில் சொரசொரப்பு. பிறகு சிவப்பு. பிறகு முழங்காலுக்குப் பின்னால், கழுத்தில். அரிப்பு என்றால் சாதாரண அரிப்பு இல்லை. ரத்தம் வந்தால்தான் கொஞ்சம் அடங்கும். சொறியாதே என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். மூச்சு விடாதே என்று சொல்வது மாதிரிதான் அது.

அப்பாவின் அக்கா, என் அத்தை, எங்களோடுதான் இருந்தாள். பார்த்ததுமே கரப்பான் என்று சொல்லிவிட்டாள். மருந்தும் அவளே சொன்னாள். "உடம்புச் சூடு. சந்தனம் குளிர்ச்சி. வீட்டுலயே சந்தனச் சோப்பு கொட்டிக் கிடக்குது, வேற என்ன வேணும்?" அதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. வேர்க்குருவுக்கும் சூட்டுக் கட்டிக்கும் சந்தனத்தை உரைத்துப் பூசுகிற ஜனங்கள் நாங்கள். போதாததற்குச் சோப்புக்காரர் வீடு. ஆகவே காந்துகிற இடத்தில் சந்தனச் சோப்பு. இன்னும் காந்தினால் இன்னொரு முறை. நுரை பட்டதும் நான் கத்துவேன். "காந்தினா கேக்குதுன்னு அர்த்தம்" என்பாள் அத்தை.

அப்பா தன் பங்குக்கு ஓரத்துண்டுகளை நிறுத்திவிட்டார். எனக்கென்று தனியாக, அசல் எண்ணெய் ஒரு பங்கு கூடுதலாகச் சேர்த்துக் கையாலேயே உருட்டிய ஒரு கட்டியைக் கொண்டுவந்தார். அந்தக் கம்பெனியிலிருந்து அதைவிட நல்ல சோப்பு வெளியே போயிருக்காது. அதைத்தான் கோடை முழுவதும் தேய்த்தோம்.

ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது கழுத்தில் அட்டை போல் தடித்திருந்தது. என் பெஞ்சில் உட்காரும் பெண் எங்கள் இருவருக்கும் நடுவில் தன் பையைக் கொண்டுவந்து வைத்தாள். "ஒட்டிக்குமாமே? எங்கம்மா சொன்னாங்க." அடுத்த வாரம் பையும் அவளும் முன் பெஞ்சுக்குப் போய்விட்டார்கள். நான் வாயாடி, எதற்கும் பதில் வைத்திருப்பேன். அன்றைக்குச் சட்டைக் காலரைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

அதற்குப் பிறகுதான் அப்பா என்னைத் தேவராஜ மொஹல்லாவில் மாடியில் இருந்த ஒரு தோல் டாக்டரிடம் அழைத்துப் போனார். யாரைப் பார்க்கப் போனாலும் ஒரு சோப்பு கொடுப்பது அப்பாவின் வழக்கம். டாக்டருக்கும் சட்டைப் பையிலிருந்து ஒன்று எடுத்து மேஜையில் வைத்தார். டாக்டர் என் கையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு அந்தச் சோப்பை எடுத்து முகர்ந்து, ரொம்ப நல்ல வாசனை என்று கன்னடத்தில் மனதாரப் பாராட்டினார். "இதே தானே?" என்றார். இதைத்தானே போடுகிறீர்கள் என்று. அப்பா பெருமையாகத் தலையாட்டினார்.

"மொதலு இது பேடா" என்றார் டாக்டர். முதலில் இது வேண்டாம்.

அப்பாவுக்குப் புரிய வெகு நேரமாயிற்று. "எண்ணெய் அசல் டாக்டர்" என்று இரண்டு முறை சொன்னார். அசலாகவே இருக்கட்டும், இவளுடைய தோலுக்கு எந்த வாசனையும் ஆகாது என்றார் டாக்டர். இது யாருக்கும் ஒட்டாது. வெந்நீர் கொதிக்கக் கொதிக்க வேண்டாம், வெதுவெதுப்பாகச் சீக்கிரம் குளிக்கட்டும். வாசனையும் நிறமும் இல்லாத மென்மையான சோப்பாகப் பார்த்து, அழுக்குச் சேரும் இடத்துக்கு மட்டும்; புண்ணுக்கு வெறும் தண்ணீர் போதும். துடைத்த ஈரம் காயும் முன் களிம்பு. உடுப்பிலும் படுக்கையிலும் கூட வாசனை கூடாது. சொல்லிவிட்டுச் சோப்பை மெதுவாக அப்பாவின் பக்கம் நகர்த்தினார். அப்பா அதை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். வீடு வரும்வரை அவர் கை அந்தப் பையின் மேலேயே இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை, எங்கள் பரம்பரையிலேயே முதல்முறையாக, சோப்பு வாங்கக் கிளம்பினோம். எனக்கு ஒரே குதூகலம். மார்க்கெட்டைச் சுற்றியிருந்த கடைகள் ஒவ்வொன்றிலும் அப்பா ஒரு சோப்பை எடுப்பார், உறை மடிந்திருக்கும் முனையில் மூக்கை வைப்பார், கீழே வைப்பார். பிறகு முழங்கை. பிறகு அடுத்த சோப்பு. தமிழ் தெரிந்த ஒரு கடைக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "அண்ணா, சோப்பு வாங்க வந்தீங்களா, துப்புத் துலக்க வந்தீங்களா?" என்று கேட்டார். நான் சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை.

குழந்தைச் சோப்பை மோந்துவிட்டு, "குழந்தை வாசனைன்னு ஒண்ணைச் செஞ்சு ஊத்தியிருக்கான்" என்றார். கண்ணாடி மாதிரி இருந்த கிளிசரின் சோப்பில் எலுமிச்சை. கடைசியில் மருந்துக் கடையில், வாசனை அற்றது என்றே அச்சடித்த ஒன்று கிடைத்தது. நான் உறையில் இருந்ததை உரக்கப் படித்தேன். அச்சில் வந்தால் எனக்கு அது வேதம். அப்பா முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார்.

"இதுலயும் இருக்கு. கொழுப்பு வாடை தெரியாம இருக்க லேசா ஒண்ணு சேர்த்திருக்கான்."

"போடலைன்னு போட்டிருக்கேப்பா!"

"எனக்குத் தெரியாதா கண்ணு? நானே அப்படிச் சேர்த்திருக்கேன்."

வெறுங்கையோடு திரும்பினோம். "நம்ம வீட்டுச் சோப்பு வேணாம், கடைச் சோப்பும் வேணாம், பாப்பாவை மண்ணு போட்டுத் தேய்க்கவா?" என்றாள் அத்தை. சொன்னதோடு நிற்காமல் பயத்தம் மாவு அரைத்துக் கொண்டுவந்து தேய்த்துப் பார்த்தாள். புண்ணில் மணலை வைத்துத் தேய்த்த மாதிரி இருந்தது.

மறுநாள் அப்பா கொண்டுவந்த பொட்டலத்தில் வெள்ளையாக, அழகில்லாமல், அச்சில்லாமல் ஒரு கட்டி இருந்தது. சேமியா மாதிரி விழுமே, அதையே கொஞ்சம் அள்ளி, தண்ணீர் தெளித்து அழுத்தியிருந்தார். வாசனை ஊற்றுவதற்கு முன்னாலேயே எடுத்தது. முகர்ந்தால் ஆறிப்போன எண்ணெய்ச் சட்டியின் ஞாபகம் வந்தது. "இதுல என் கை படலை" என்றார் அம்மாவிடம். அப்பாதானே கையால் அழுத்தினார், எப்படிப் படாமல் இருக்கும் என்று நான் குறுக்கே கேட்டேன். அம்மா அதை வாங்கிக் கொண்டுபோய்க் குளியலறையில் வைத்தாள்.

அம்மா பீரோவிலிருந்து சோப்பு உறைகளை எல்லாம் எடுத்துவிட்டாள். என் துணிகள் தனி வாளிக்குப் போயின. டாக்டர் சொன்னபடி களிம்பு. கழுத்து கொஞ்சம் அடங்கிற்று. கை மடிப்பு மட்டும் சாயங்காலமானால் மறுபடி சிவந்தது.

இதற்கு நடுவில் அப்பா மாறிப்போனார். முன்பெல்லாம் வந்ததும் என்னைத் தூக்கி உச்சந்தலையில் மூக்கை வைப்பார். சாப்பிடும்வரை நான் அவர் மடியில்தான். இப்போது நேராகக் கொல்லைக் குழாயடிக்குப் போய்க் குளித்தார். சட்டையை வெளிச்சுவரிலேயே காயப்போட்டார். குளித்து வந்தும் கூடத்தின் அந்தக் கோடியில்தான் உட்கார்ந்தார். நான் கிட்டப் போனால், "படிக்கலையா?" என்று எழுந்துவிடுவார். அவர் பக்கத்தில் இருந்த என் பாய் அத்தை பக்கம் போனது. எனக்குக் காரணம் தெரிந்துதான் இருந்தது. பெஞ்சின் நடுவே வந்த பை ஞாபகம் இருந்தது. ஒட்டாது என்று டாக்டர் சொன்னதை அப்பாவும் நம்பவில்லை.

ஒருநாள் சமையலறையில் அவர் அம்மாவிடம், "எவ்வளவு குளிச்சாலும் போக மாட்டேங்குது. வேர்வையிலயே வருது" என்று சொன்னது கேட்டது. அப்பாவுக்கும் ஏதோ நோய் போலிருக்கிறது என்று நினைத்தேன். அவருக்கும் வந்துவிட்டால் இரண்டு பேரும் சேர்ந்து உட்காரலாமே என்று, நியாயமாகவே, கொஞ்சம் சந்தோஷப்பட்டேன்.

பிறகு ஒரு சாயங்காலம் அத்தைக்கும் அவருக்கும் சண்டை.

"மூக்கால பேர் எடுத்தவன்டா நீ. போயும் போயும் பாய்லர்கிட்ட நிக்கப் போறியா? கேட்டு வாங்கிட்டு வந்திருக்கான் பாரு!"

"அங்கயும் ஆள் வேணும்தானே அக்கா."

"அந்தப் புகையில நின்னா அப்புறம் உன் மூக்குக்கு என்னடா மிஞ்சும்?"

அப்பா சாப்பாடு போடச் சொன்னார்.

எனக்கோ பெருமை தாங்கவில்லை. பாய்லர் என்றால் நெருப்பு! எங்கப்பா இனிமேல் நெருப்பு வேலை என்று வகுப்பில் எல்லோரிடமும் சொன்னேன். அவர்மேல் இப்போது விறகுப்புகையும் சோப்புக் காய்ச்சுகிற காரமும் வீசின. கைகளில் கார நீர் தெறித்த வெள்ளைத் தழும்புகள் வந்தன. பழைய அப்பா இன்னும் நல்ல வாசனை என்று அம்மாவிடம் குறை சொன்னேன். அவள் வாளியில் என் துணிகளை அலசிக்கொண்டே, "இந்த அப்பாவும் நல்ல அப்பாதான்" என்றாள்.

மழை விட்டு நவராத்திரி வருவதற்குள் என் தோல் ஆறிவிட்டது. களிம்பா, தண்ணீரா, காற்றின் ஈரமா, வேறு ஏதாவதா, எது ஆற்றியது என்று இன்றைக்கும் என்னால் அடித்துச் சொல்ல முடியாது. அப்போது எனக்குச் சந்தேகமே இல்லை: அந்த வெள்ளைச் சோப்புதான். பெஞ்சுக்குத் திரும்பி வந்த பெண்ணுக்கு அதைப் பற்றி ஒரு பிரசங்கமே செய்தேன். அப்பாவின் மடியில் மறுபடி ஏறினேன். அவர்தான் இரண்டு கைகளையும், ஈரச் சுண்ணாம்பு பட்டவர் மாதிரி, என் மேல் படாமல் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். பழக்கம் விட்டுப்போயிருந்தது.

ஆயுத பூஜை வந்தது. பாய்லருக்கும் மாலை போட்டிருந்தார்கள். அதன் வயிற்றில் குங்குமப் பொட்டு. பார்த்து முடித்ததும் வாசனை ரூமுக்குப் போகலாம் என்று அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தேன். வந்தார்; வாசலுக்குக் கொஞ்சம் தள்ளியே நின்றுவிட்டார். உள்ளிருந்து, அப்பாவின் இடத்துக்குப் புதிதாக வந்த இளைஞர் ஓடிவந்து, "உள்ள வாங்க மூக்கு சார்" என்றார். "இருக்கட்டும் தம்பி, நீ கவனி" என்றார் அப்பா.

பிறகு கண்களை மூடிக்கொண்டு, "எந்தெந்த டிரம் திறந்திருக்குன்னு சொல்லட்டுமா?" என்று என்னைக் கேட்டார்.

விளையாட்டு என்றதும் எனக்கு உயிர் வந்துவிட்டது. "சொல்லுங்க, சொல்லுங்க!"

"சந்தனம்." உள்ளே இருந்தவர் ஆமாம் என்றார். "வெட்டிவேர்." அதுவும் சரி. அடுத்தது வரவில்லை. அப்பா தலையைச் சாய்த்தார், முகம் சுருங்கிற்று. வழக்கம்போலச் சட்டைக் கையைச் சுருட்டி முழங்கையை மூக்குக்குக் கொண்டுபோனவர் பாதியில் நிறுத்திவிட்டார். அங்கே இப்போது புகைதான் இருந்தது.

தரையில் முட்டி போட்டார். என் கையைப் பிடித்து மெல்ல நீட்டி, ஆறிப்போன அந்த மடிப்பில் மூக்கை வைத்தார். மூச்சை இழுத்தார். மூக்கைப் புதுசாக்க அவ்வளவு நேரம் ஆகாது, ஆனாலும் அப்பா முகத்தை எடுக்கவில்லை. மீசை குத்திக் கூச்சத்தில் நெளிந்தேன்.

"என்னப்பா, வாசனை வருதா?"

"ஒண்ணுமே இல்ல கண்ணு" என்றார். "ஒண்ணுமே இல்ல."

தலையை நிமிர்த்தி, "லவங்கம்" என்றார். சரி! அப்பா ஜெயித்துவிட்டார். கையை உருவிக்கொண்டு கைதட்டினேன். பொரி தீர்ந்துவிடுமே என்று ஓடினேன். பொட்டலத்தோடு திரும்பிப் பார்த்தபோது அப்பா இன்னும் அதே இடத்தில் முட்டி போட்டபடியே இருந்தார். ஆட்டம்தான் முடிந்துவிட்டதே, எழுந்திருக்க இவ்வளவு நேரமா என்று இருந்தது எனக்கு.