மீனுக்குத் தனி கேஷ்

கல்கத்தாவில் பிறந்து வளர்ந்தவள் நான். தாத்தா காலத்திலேயே லேக் மார்க்கெட் பக்கம் குடியேறிவிட்டோம். எனக்குக் கோபம்கூட பெங்காலியில்தான் வரும். இருந்தும் ஆபீஸில் என் பெயர் 'மதராஸி தீதி', அதாவது மதராஸி அக்கா. நாங்கள் எல்லோரும் அண்ணன் என்ற அர்த்தத்தில் 'தாதா' என்று கூப்பிடும் டீம் லீட் அதைப் பிரியமாகத்தான் சொல்வார். ஒரு நாளாவது 'நம்ம பொண்ணு' என்று சொல்லமாட்டாரா என்று நான் ஏங்கியது அவருக்குத் தெரியாது.

அப்போதுதான் மதுரையிலிருந்து அவள் வந்து சேர்ந்தாள். அவளுடைய பெங்காலி அரைகுறை. அதைக் கேட்கவே அவள் மேஜையைச் சுற்றி ஒரு கூட்டம். பிசிறில்லாமல் பேசுகிற என்னை யாரும் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. பற்றிக்கொண்டு வந்தது எனக்கு.

சந்தைக் கடைகளின் சரக்கை வீடுகளுக்கு அனுப்பும் செயலி எங்களுடையது. கடைக்காரர்கள் போடும் விலை வேறொரு நிரல் வழியாக டேட்டாபேஸில் ஏறும். யாராவது விலை பார்க்கும்போதெல்லாம் டேட்டாபேஸைக் குடையாமல், ஒருமுறை எடுத்ததை நினைவகத்தில் வைத்துக்கொண்டு காட்டுவதற்குப் பெயர் கேஷ். எதை எவ்வளவு நேரம் வைத்திருப்பது என்பதை, டேட்டாபேஸுக்கும் எங்கள் நிரலுக்கும் நடுவில் நிற்கும் ஓஆர்எம்மிடம் நாம்தான் சொல்லவேண்டும். நான் ஒரு கான்ஃபிக் ஃபைலில் ஒரே வரியில் சொல்லியிருந்தேன்: எல்லா விலைக்கும் ஒரு நாள் ஆயுள். காலையில் விற்ற துவரம்பருப்புக்கு மத்தியானம் வேறு விலையா வந்துவிடப் போகிறது?

ஆனால் மத்தியானத்தில் பழைய விலை காட்டுகிறது என்று புகார்மேல் புகார் வந்தது. தாதா அதைச் சரிசெய்ய அவளிடம் கொடுத்தார். நான் கட்டியதை, அவளிடம்! அவள் என் ஃபைலைத் தூக்கிவிட்டு, ஒவ்வொரு வகைச் சரக்குக்கும் தனித்தனியாக நிரலிலேயே எழுதினாள். சரிபார்க்க என்னிடம்தான் வந்தது. குற்றம் கண்டுபிடித்தே தீருவது என்று உட்கார்ந்தேன்.

அரிசி, பருப்பு, எண்ணெய்க்கு ஒரு நாள். என்னைப் பார்த்துக் காப்பியடித்திருக்கிறாள் என்று ஒரு அற்ப சந்தோஷம். அதற்குக் கீழே மீனுக்கு மட்டும் தனி கேஷ். ஆயுள் சில நிமிடங்கள்தான். நேரே அவள் இடத்துக்கே போய்க் கேட்டேன்.

"மீனுக்கு மட்டும் எதுக்கு இது?"

"மத்தியானம் ஆச்சுன்னா மீனு வெல எறங்கிரும்லக்கா. லீவு அன்னைக்கு டாக்குரியா மார்க்கெட்டுக்கு நான் லேட்டாத்தான் போவேன். பாதி வெலைக்குக் குடுப்பாய்ங்க." சிரித்தாள். "நீங்க இந்த ஊர்க்காரங்க, ஒங்களுக்குத் தெரியாததா?"

தெரியாதுதான். எங்கள் வீட்டில் சுத்த சைவம். மீன் கடை வரிசை வந்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு வேகமாகத் தாண்டிவிடுவோம். இந்த ஊரில் ஒரு ஆயுசையே அப்படித் தாண்டியிருக்கிறேன். நேற்று வந்தவள் பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

வேறு வழியில்லாமல் நிரலில் ஒரு வேரியபிளின் பெயர் நன்றாக இல்லை என்று குறிப்பு எழுதினேன். "சரிக்கா" என்று உடனே மாற்றினாள். ஒப்புதல் கொடுத்தேன். புகார்கள் நின்றன.

அந்த வார மீட்டிங்கில் தாதா அவள் எழுதிய நிரலைத் திரையில் ஓட்டிக்கொண்டே வந்தார். மீன் வரியைப் பார்த்ததும் தொடையைத் தட்டி, "மாச்சேர் தர் போஜே! ஏ தோ ஆமாதேர் மேயே!" என்றார். மீன் விலை தெரிந்தவள், இவள் நம்ம பொண்ணு. எல்லோரும் கைதட்டினார்கள்.

அவர் பேசிய வேகம் அவளுக்குப் பிடிபடவில்லை. என் பக்கம் சாய்ந்து, "என்னக்கா சொல்றாரு?" என்றாள்.

"கோட் நன்னாருக்காம்" என்றேன்.