கிழக்கே பொங்காத பால்

"ஒரே வூட்டுக்கு எத்தனை தடவ புள்ள பால் காய்ச்சுறது?" என்று 2003-இல் எங்கள் தெருக் கொளஞ்சியம்மாள் அக்கா என்னிடம் கேட்டார்.

பெரம்பலூர் டவுனுக்குள் சும்மா கிடந்த இடத்தில், மார்க்கெட் கட்டும்வரை குடியிருக்க எங்கள் தெருவுக்கு அனுமதி கொடுத்திருந்தார்கள். வருடத்துக்கு ஒருமுறை புது அனுமதித் தாள் வர வேண்டும். கீற்றுக் கூரை போடலாம், சிமெண்ட் கூடாது. வெங்காயம் ஆயும் வேலைக்குப் போகும் அக்கா, தாள் வரும்போதெல்லாம் புதிதாகக் குடிவந்தவர்போல் பால் காய்ச்சித் தெருவுக்கே கொடுப்பார்.

அந்த வருடம் தாள் வருமுன் சர்வேயர் பார்வையிட வந்தார். போன தடவை பால் மேற்கே பொங்கிவிட்டதால், இனி கிழக்கே பொங்கட்டும் என்று அக்கா அடுப்பைச் சற்றுச் சாய்த்துச் சிமெண்ட் பூசியிருந்தார். அது சர்வேயர் கண்ணில் பட்டுவிட்டது.

"என்னம்மா இது, சிமெண்ட் கட்டடம்?"

"அடுப்புங்க சார். இதுக்குள்ள யாரு குடியிருப்பா?"

அவருக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும், "இத எழுதினா உங்களுக்குத் தாள் வராதும்மா" என்றார்.

அக்கா கடப்பாரையால் அடுப்பை உடைத்தார். மூன்று கல்லைக் கூட்டிவைத்து, "இப்ப எழுதுங்க சார்" என்றார்.

அடுத்த வாரம் தாள் வந்தது. பால் மறுபடியும் மேற்கேதான் பொங்கியது.

"எந்தப் பக்கம் பொங்குனா என்ன, நம்ம வூட்டுக்குள்ளதான ஊத்துச்சு" என்று அக்கா சிரித்தார்.

இப்போது 2007; இன்னும் மார்க்கெட் வரவில்லை. அக்கா அதற்குப்பின் நான்கு முறை பால் காய்ச்சிவிட்டார். தாளுக்காகக் காத்திருக்கும் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால், அக்காவின் கதையை அவர்களிடம் சொல்லுங்கள்.