பத்து மில்லிமீட்டர் வெளியே

என் மகளைப் பள்ளிக்கு அழைத்துப் போகும் வேனை ஓட்டுபவள் ஒரு பெண். மந்தைவெளியில் எங்கள் தெரு முனையில் ஒரு நாள் காலை தண்ணீர் லாரி குறுக்கே நின்றுவிட்டது. அவள் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே அந்த வேனைத் தெரு முழுக்கப் பின்பக்கமாகவே ஓட்டிப் போனாள். இரண்டு பக்கமும் பைக்குகள் நிறுத்தியிருந்தார்கள். நடுவில் ஒரு முறைகூட அவள் தயங்கவில்லை. அன்று சாயங்காலமே அவளிடம் கேட்டேன், ஞாயிற்றுக்கிழமைகளில் நான் கார் போட்டிக்குப் போகிறேன், நீயும் வருகிறாயா என்று.

போட்டி என்றால் பெரிதாக எதுவும் இல்லை. நகருக்கு வெளியே ஒரு மைதானத்தில் சிவப்புக் கூம்புகளை வைத்து, அவற்றை வளைந்து வளைந்து சுற்றிவர ஒவ்வொரு காருக்கும் எவ்வளவு நேரமாகிறது என்று பார்ப்பார்கள். பல் டாக்டர்கள், கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவர்கள், என்னைப் போல தி. நகர் பாத்திரக்கடையில் பில் போடுகிறவர்கள் எல்லோரும் வருவார்கள். கடை என் கணவருடைய குடும்பத்துடையது. கல்யாணத்துக்கு முன்னால் நான் மெக்கானிக்கல் டிப்ளமோ படித்திருந்தேன். அந்தப் படிப்பில் மிச்சமிருந்தது பீரோவில் கிடந்த ஒரு வெர்னியர் அளவுகோலும், இந்தப் போட்டிக்கென்றே வாங்கிய பழைய சின்னக் காரும்தான்.

ஒரே காரை இரண்டு பேர் மாறி மாறி ஓட்டலாம் என்பதால் அவளும் நானும் கூட்டாளிகளானோம். சில மாதங்களில் அவள் என்னைவிட வேகமாக ஓட்ட ஆரம்பித்தாள். மேடம் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவள் அக்கா என்று கூப்பிட ஆரம்பித்ததும் அப்போதுதான்.

பிரச்சினை சக்கரத்தில் வந்தது. போட்டியை விட்டு விலகிய ஒருவர் தன்னுடைய அகலமான டயர்களையும் அலாய் சக்கரங்களையும் எங்களுக்கு விற்றார். பழையவற்றை அவரே எடுத்துக்கொண்டார். மாட்டி ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பியதும் கர்ரென்று ஒரு சத்தம். டயரின் உள்பக்கம் ஷாக் அப்சார்பர் குழாயில் உரசியது. மகளின் விளையாட்டுக் களிமண்ணை அந்தக் குழாயில் அப்பிச் சக்கரத்தைச் சுற்றினேன். டயர் மண்ணை வழித்துக்கொண்டு போனது. சக்கரத்தைக் கொஞ்சம் வெளியே தள்ளி வைக்காமல் ஓட்ட முடியாது. அதற்கு ஸ்பேசர் என்று ஒரு வட்டத் தட்டு இருக்கிறது. சக்கரம் போய் உட்காரும் இரும்புத் தலையை ஹப் என்பார்கள். அதற்கும் சக்கரத்துக்கும் நடுவில் இந்தத் தட்டை வைக்க வேண்டும்.

அண்ணா சாலைப் பக்கம் ஒரு கடையில் ஐந்து மில்லிமீட்டர் தட்டு கிடைத்தது. எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்றார்கள். போல்ட் ஓட்டைகள் எல்லாம் நீள நீளமாக இருந்தன. வாங்கி மாட்டினோம். உரசல் போய்விட்டது. ஆனால் மைதானத்தில் அறுபதைத் தாண்டியதும் ஸ்டியரிங் என் கையில் நடுங்கியது.

போட்டிக்கு முந்தின நாள் மதியம் சக்கரத்தைக் கழற்றினேன். ஹப்பின் நடுவில் வட்டமாக ஒரு விளிம்பு துருத்திக்கொண்டிருக்கும். சக்கரத்தின் நடு ஓட்டை அதன் மேல் கச்சிதமாக உட்கார்ந்தால்தான் சக்கரம் நேராகச் சுற்றும். இந்தத் தட்டு அந்த விளிம்பில் பாதியை மறைத்துவிட்டது, அதோடு தானும் தொளதொளவென்று நின்றது. நட்டை எடுத்துக் கையால் சுற்றிப் பார்த்தேன். போல்ட் பன்னிரண்டு மில்லிமீட்டர் தடிமன். நட்டு குறைந்தது அவ்வளவு ஆழமாவது பிடிக்க வேண்டும். எங்கள் போல்ட்டின் மரைக்கு அது எட்டு சுற்று. எனக்குக் கிடைத்தது ஐந்தரை.

நாளைக்கு ஓட்ட வேண்டாம் என்று அவளிடம் சொன்னேன். போட்டிக்கென்று வேனை வேறு ஆளிடம் ஒப்படைத்து, பெரும்பாக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள்.

"அஞ்சரை சுத்து புடிச்சிக்கினு தான கீது. ரெண்டு நிமிசம் ஓட்றதுக்கு இன்னா ஆயிடப் போவுது?"

"சக்கரம் கழண்டுக்கும். உன்னையும் ஓட்ட விட மாட்டேன், நானும் ஓட்ட மாட்டேன்."

அவள் பையை எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள். அந்த வாரம் முழுக்க வேன் வந்தது, மகள் ஏறினாள். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

நான் விடவில்லை. வெர்னியரை எடுத்து ஹப்பின் விளிம்பு, சக்கரத்தின் நடு ஓட்டை, போல்ட்டுக்குப் போல்ட் தூரம் எல்லாவற்றையும் அளந்தேன். ஈக்காட்டுத்தாங்கலில் லேத் வைத்திருக்கும் ஒருவரிடம் போய், அந்த அளவுக்குத் தட்டுகளைக் கடைந்து தர முடியுமா என்று கேட்டேன். கடைவது சுலபம், ஆனால் என்னிடம் இருக்கும் அலுமினியம் எவ்வளவு தாங்கும் என்று எனக்கே தெரியாது, சக்கரத்துக்கு மட்டும் செய்ய மாட்டேன் என்று அவர் மறுத்துவிட்டார். அவர் மறுத்தது எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. எங்கள் கார் மாடலுக்கென்றே சோதித்துத் தயாரிக்கிற இடத்தைத் தேடி ஆர்டர் கொடுத்தேன். எனக்குத் தேவை ஐந்துதான். ஆனால் சக்கரம் உட்காரத் தனக்கென்று ஒரு விளிம்பு உள்ள தட்டு பத்துக்குக் கீழே கிடைக்கவில்லை. பத்து வைத்தாலும் டயர் மட்கார்டுக்கு வெளியே வராது என்று ஒரு கம்பியை நேராகப் பிடித்துப் பார்த்து உறுதி செய்துகொண்டேன். அதற்கு மேல் போயிருந்தால் பேரிங்குக்குச் சுமை கூடியிருக்கும்.

ஆர்டர் கொடுத்ததை மகள் வேனில் சொல்லியிருக்க வேண்டும். தட்டு வந்துவிட்டதா என்று ஒரு நாள் வேன் ஜன்னல் வழியாக அவளே கேட்டாள். நாளைக்கு வரும் என்றேன். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று சொல்லி கியரைப் போட்டாள்.

தடிமன் கூடினால் போல்ட்டும் நீளமாக வேண்டும். ஹப்புகளை ஈக்காட்டுத்தாங்கலிலேயே ஒரு பட்டறைக்குக் கொண்டுபோய், பழைய போல்ட்களைத் தள்ளி எடுத்து, பிரஸ்ஸில் வைத்து நீளமானவற்றை ஏற்றி வாங்கினோம். கிடைத்தவை தேவைக்கும் கொஞ்சம் அதிக நீளம். ஹப்பின் முகத்திலிருந்த துருவைக் கம்பி பிரஷ்ஷால் அவள் பளபளவென்று தேய்த்தாள். துளி துரு நடுவில் மாட்டினாலும் தட்டு சாய்ந்து உட்காரும். தட்டை வைத்து, சக்கரத்தை மாட்டி, நட்டுகளை முதலில் கையால் சுற்றி, பிறகு எதிரும் புதிருமாக டார்க் ரெஞ்சால் முறுக்கினேன். சரியான அழுத்தத்தில் அது டிக்கென்று சத்தம் கொடுக்கும். எல்லா நட்டுக்கும் டிக் கேட்டது. வேலை முடிந்தது என்று நிமிர்ந்தேன்.

அவள் ஜாக்கியை மறுபடி ஏற்றி, சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள்.

"அக்கா, ஆடுது."

இருக்காது என்றேன். என் கையைப் பிடித்து டயரில் வைத்தாள். மெல்லிய ஓர் அசைவு, உள்ளே டக்கென்று ஓர் ஒலி. ஒரு நட்டைக் கழற்றிப் பார்த்தபோதுதான் புரிந்தது. எங்கள் நட்டுகள் தொப்பி போல முனை மூடியவை. நீளமான போல்ட் உள்ளே போய் அந்தத் தொப்பியில் முட்டி நின்றுவிட்டது. நட்டு போல்ட்டைத்தான் இறுக்கியிருந்தது, சக்கரத்தை இல்லை. ரெஞ்சுக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

அன்றைக்கே போய் முனை திறந்த நட்டுகளை வாங்கினோம். சக்கரத்தின் குழியில் நட்டின் கூம்பு சரியாகப் பொருந்துகிறதா என்று கடை வாசலிலேயே வைத்துப் பார்த்தோம். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தோம். எட்டு சுற்றுக்கு மேலேயே பிடித்தது. அவள் ஆட்டினாள், நான் ஆட்டினேன். அசையவில்லை. பெசன்ட் நகர் வரை மெதுவாக ஓட்டிப் போய் வந்து, சூடு ஆறியதும் ரெஞ்சை மறுபடி வைத்தோம். ஒரு நட்டு மட்டும் கொஞ்சம் இடம் கொடுத்தது. அடுத்த வாரம் பார்த்தபோது அதுவும் நகரவில்லை.

அடுத்த போட்டியில் வண்டிகளைச் சோதிக்கும் அதிகாரி ஸ்பேசர் என்றதுமே முகத்தைச் சுளித்தார். சக்கரத்தைக் கழற்றச் சொன்னார், தட்டைத் தடவிப் பார்த்தார், ஒரு நட்டைத் தானே சுற்றி எண்ணினார். பிறகு கண்ணாடியில் அனுமதி ஸ்டிக்கரை ஒட்டினார். அவள் அவருக்கு நன்றி சொல்லிவிட்டு ஹெல்மெட்டை மாட்டினாள்.

முதல் திருப்பத்தில் அவள் பிரேக்கை விட்ட விதத்தைப் பார்த்ததுமே, வண்டியை அவள் முழுதாக நம்பிவிட்டாள் என்று தெரிந்தது. பெண்கள் பிரிவில் இரண்டாவதாக வந்தாள். நான் ஒரு கூம்பைத் தட்டிவிட்டேன். அதற்கான தண்டனை நொடிகளைச் சேர்த்தும் என்னுடைய பழைய நேரங்கள் எல்லாவற்றையும்விட அது நல்ல நேரம். ஆனாலும் எனக்குப் பின்னால் இரண்டே பேர்தான் இருந்தார்கள்.

பரிசு கொடுக்கும்போது என்னையும் மேலே வரச் சொல்லிக் கைகாட்டினாள். கையெல்லாம் பிரேக் தூசி, வர மாட்டேன் என்று தலையை ஆட்டினேன். அவள் இறங்கி வந்து என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். போட்டோவில் அந்தக் கோப்பை மேல் என் விரல் தடம் கறுப்பாகத் தெரிகிறது.