அண்ணனிடம் கேட்கக் கூடாதது

என் வீட்டுக்காரர் ரோஃபெட்டா சுறாவுக்குப் பயந்தவர் இல்லை. தங்கை டோர்காஸ் எதிரே வந்தால்தான் நெளிவார். எங்கள் மலைட்டாத் தீவில் அண்ணன் தங்கைக்குள் உடம்பு விஷயம் பேசினால் மானம் போயிற்று. இதில் கூத்து என்னவென்றால், எங்கள் ஊர் மருந்தகத்துக்கு ஒரே நர்ஸ் அவள்தான்.

இவருக்கு மலேரியா விட்டு விட்டு வந்ததால் டோர்காஸ் மாத்திரை கொடுத்தாள். இவரும் ஒழுங்காக விழுங்கினார். சீக்கிரமே கண் மஞ்சளித்தது, படியேற மூச்சு வாங்கியது. மனிதர் அலையாத்திக் காட்டுப் பக்கம் ஒளிந்து ஒளிந்து போனார். பின்னாலேயே போய்ப் பார்த்தேன். அவர் ஒதுங்கிய இடத்தில், வெள்ளை மணலில் கறுப்புத் தேநீரைக் கொட்டினாற்போல் இருந்தது.

"எத்தனை நாளா இப்படி?"

"வாயை மூடுடி. அவளுக்குத் தெரிஞ்சா எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நடமாடுவேன்?"

"செத்தா மட்டும் மூஞ்சி அழகா இருக்குமோ?"

எனக்கும் சொல்லக் கூசியது. ஆனாலும் ஓடிப்போய்ச் சொன்னேன். டோர்காஸ் வந்து எங்கள் வீட்டுச் சுவருக்கு வெளியே நின்று, "எப்பலேர்ந்துன்னு கேளுங்க அண்ணி" என்றாள். கேட்டேன். அவர் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவள் பொறுத்துப் பார்த்துவிட்டு உள்ளே வந்தாள்.

"அண்ணே, ஒண்ணுக்கு எப்பலேர்ந்து கறுப்பாப் போவுது?"

இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். "ரெண்டாவது மாத்திரையிலேர்ந்து."

அன்றே படகு பிடித்தோம். ஆவுகி ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றியபின் பிழைத்தார். டோர்காஸ் கட்டில் ஓரம் முதுகைக் காட்டி உட்கார்ந்து, அவர் காதில் விழும்படி என்னிடம் சொன்னாள்:

"ரத்த அணுவுக்குள்ள நொதிங்க இருக்கு அண்ணி. ஒரு வேலைய முடிச்சுக் குடுத்துட்டு, தான் தேயாம அடுத்த வேலைக்கு நிக்கும். அணுவைக் காக்குற நொதி ஒண்ணு அண்ணனுக்குப் பொறவியிலேயே சோனி. சும்மா இருக்கறப்ப சமாளிச்சுக்கும். இந்த மாத்திரை போனா தாங்காம அணு உடைஞ்சிரும். அதான் கறுப்பா வந்துது. சோதிச்சுட்டுத்தான் குடுக்கணும். நம்மூர்ல அதுக்குக் கருவி இல்ல. ஒண்ணும் ஆகாதுன்னு குடுத்துட்டேன். எங்கம்மா வழியில வர்ற கோளாறு இது."

சொல்லிவிட்டுக் குனிந்து அழுதாள். எனக்கு அவளை அடிக்கவும் தோன்றியது, அணைக்கவும் தோன்றியது.

அவர் சட்டென்று எழுந்து உட்கார்ந்தார்.

"தங்கச்சி, உன் பையனுக்கும் காய்ச்சல் வந்துச்சே. அவனுக்கும் இதையா குடுத்த?"

குரலில் கோபமே இல்லை. மருமகனுக்காகப் பயந்துதான் கேட்டார்.

"குடுத்தேண்ணே. அவனை மட்டும் இங்க கூட்டிட்டு வந்து சோதிச்சுட்டுக் குடுத்தேன்."