சத்தம் வராத பலகை

உறவினர்களுக்கும், தம்பியோடு சேர்ந்து வாசித்த நண்பர்களுக்கும் அக்காவின் வணக்கம். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் எனக்கு வராது. அதனால்தான் முதலாம் ஆண்டு நினைவு நாளில் பேச மாட்டேன், எழுதித் தருகிறேன் என்று சொன்னேன். நினைவு மலரில் தம்பியை "அவர்" என்று எழுத வேண்டுமாம். இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளையை அப்படி எழுத எனக்கு வரவில்லை. பெரியவர்கள் மன்னிக்கவும். வாயால் சொல்ல முடியாமல் ஒரு வருஷமாக நான் வைத்திருக்கிற ஒன்றையும் இதில் எழுதப்போகிறேன்.

தம்பி பிறந்தது ராயபுரத்தில், எட்டுக் குடித்தனம் இருந்த ஒரு வீட்டில். அவனுக்கு மூன்று வயதாகும்போது அம்மா போய்விட்டார்கள். எனக்கு அப்போது பதிமூன்று. அப்பாவை நாங்கள் நைனா என்போம்; அவருக்கு ஹார்பரில் சரக்கு இறக்கும் வேலை. ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்து பகலெல்லாம் தூங்குவார். அதனால் எங்கள் வீட்டில் பாத்திரம் கூடச் சத்தமில்லாமல்தான் தேய்ப்போம்.

தம்பி படித்தது மாதா கோயில் பள்ளிக்கூடம். அங்கே ஹாலில் ஒரு பியானோ இருந்தது. சாப்பாட்டு நேரத்தில் அதைத் தொட விட்டார்கள். மற்ற நேரத்துக்கு என்ன செய்வது? நைனா ஹார்பரிலிருந்து கொண்டுவந்த பெட்டிப் பலகை ஒன்று நாலடி நீளத்துக்குக் கிடந்தது. அதை எடுத்தான். என் தையல் நூலைக் கொண்டுபோய் பள்ளிக்கூடப் பியானோவை அளந்து வந்து, பிளேடால் கோடு கிழித்து, கப்பலுக்கு அடிக்கிற கறுப்பு பெயிண்டால் கறுப்புக் கட்டைகளை வரைந்தான். மடியில் வைத்துக்கொண்டு வாசிப்பான். நைனா பக்கத்திலேயே குறட்டை விட்டுக்கொண்டிருப்பார். ஒரு சத்தமும் வராது.

எதிர்க் குடித்தனத்து அம்மா வாசலில் நின்று, "இன்னாடா, பலகையில பருப்பு பொறுக்கிகினு கீறியா?" என்று கேட்பார்கள்.

"ஆமா ஆயா, கல்லு ஜாஸ்தியா கீது" என்பான் தலையைத் தூக்காமல்.

பிறகு அவன் பெரிய வாசிப்புக்காரன் ஆனது உங்களுக்குத் தெரியும். ரெக்கார்டிங் தியேட்டரில் யார் கூப்பிட்டாலும் போய், அவர்கள் பாட்டுக்கு வாசித்துக் கொடுத்துவிட்டு வருவதுதான் அவன் தொழில். பக்கத்து வீட்டு போனுக்குத் தகவல் வரும். பிற்பாடு இடுப்பில் பேஜர் வந்தது. பீச் ஸ்டேஷனில் ரயில் ஏறிக் கோடம்பாக்கம் போவான். சினிமாப் பாட்டுக்கும் வாசிப்பான். ஆனால் அவன் உயிர் இங்கிலீஷ் ராக் பாட்டில்தான் இருந்தது. பழைய ராக் பாட்டுகளை வாசிக்கிற குழுக்கள் கேசட் போடுகிறபோது பியானோவுக்கு இவனைத்தான் தேடுவார்கள். டிரம்ஸ் வாசிக்கிற ஸ்டீபன் தம்பி சொல்வார்: "மத்தவங்க மூணு தபா திருப்பி வாசிக்கிற எடத்துல நம்மாளு ஒரே தபால முடிச்சுட்டு வெளியே டீ குடிச்சுகினு நிப்பாருக்கா." கேசட் அட்டையில் பாடினவர் பெயர் இருக்கும். இவன் பெயர் இருக்காது. அதைப் பற்றி அவன் ஒரு நாளும் குறைப்பட்டதில்லை.

என் வீட்டுக்காரர் காலமானதும் திருவொற்றியூரிலிருந்து திரும்பி வந்து தம்பியோடுதான் இருந்தேன். அவன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கரண்டில் வாசிக்கிற கீபோர்டு ஒன்று வாங்கினான். பஸ்ஸில் தூக்கிக்கொண்டு அலைய முடியாது என்று அது நண்பர்களிடமே இருந்தது. வீட்டில் அதே பலகைதான். மறுநாள் பாட்டை முதல் நாள் பலகையில் வாசித்துப் பார்ப்பான். நான் அரிசி களைந்துகொண்டே அவன் விரலைப் பார்ப்பேன். இடது கை இடித்துக்கொண்டே இருந்தால் வேகமான பாட்டு. வலது கை மேலே மேலே போனால் பாடுகிறவர் அழப்போகிறார் என்று அர்த்தம். நடுவில் ஒரு இடத்தில் இடது கையைத் தூக்கி அப்படியே நிறுத்துவான்.

"ஏண்டா, மறந்து போச்சா?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"மறக்கலக்கா. பாடறவன் மூச்சு வாங்கணும் இல்ல? அதுக்காக நிக்கிறேன்" என்றான்.

அவன் குணமே அதுதான். தன்னோடு வாசிக்கிறவர் திணறினால் இவன் நின்றுகொள்வான்.

அவன் வாசித்து நான் சரியாகக் கேட்டதே இல்லை. பள்ளிக்கூடத்துப் பியானோவையும் கேட்கவில்லை. வீட்டில் டேப் ரெக்கார்டர் இல்லாததால் கேசட்டும் கேட்டதில்லை. ஒரு தடவை டவுனில் ஒரு ஹாலில் சாயங்காலக் கச்சேரி. "நீ வந்தே ஆகணும்க்கா" என்று என் புடவையை அவனே இஸ்திரி போட்டு வைத்தான். போனேன். வாசல் வரைக்கும் போனேன். உள்ளே எல்லாரும் இங்கிலீஷ் பேசுகிறவர்கள். எனக்குக் கால் வரவில்லை. வாட்ச்மேன் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். கதவு கனமான கதவு. திம் திம் என்று மட்டும் வெளியே வந்தது.

முடிந்து வந்ததும் "கேட்டுச்சாக்கா?" என்றான்.

"நல்லாக் கேட்டுச்சுடா. திம் திம்னு பிரமாதமா இருந்துச்சு."

"அது ஸ்டீபன்க்கா" என்று சொல்லிச் சிரித்தான். பஸ் வருகிற வரைக்கும் சிரித்துக்கொண்டிருந்தான். நானும் சிரித்தேன். அதற்கப்புறம் அவன் என்னைக் கூப்பிடவில்லை.

ஐம்பது வயது ஆகுமுன்னே பக்கவாதம் வந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். வலது கை விழுந்துவிட்டது. பேச்சும் குழறிப்போனது. வீட்டுக்கு வந்ததும் பலகையை மடியில் வைக்கச் சொன்னான். இடது கை மட்டும் வாசிக்கும். வலது கை பக்கத்தில் துணி மாதிரிக் கிடக்கும். பலகையில் வலது பக்கத்துக் கட்டைகளைத் தொட ஆள் இல்லை. காலையிலிருந்து விளக்கு வைக்கிற வரைக்கும் இதே. என்னால் பார்க்க முடியவில்லை.

நான் சொல்ல வேண்டியது இதுதான். அந்த வருஷம் போகிக்கு, விடியும் முன்னே அவன் தூங்கும்போது, அந்தப் பலகையை எடுத்துக்கொண்டு போய்த் தெரு முனையில் எரிந்த நெருப்பில் நானே போட்டேன். கண்ணில் படாவிட்டால் அவனுக்கு மனசு ஆறும் என்று நினைத்தேன். உண்மையில் என் மனசு ஆறத்தான் போட்டேன் என்று இப்போது தோன்றுகிறது. பெயிண்டில் நெருப்புப் பட்டதும் கறுப்பாகப் புகை வந்தது.

எழுந்ததும் கட்டிலுக்கு அடியில் கையை விட்டுத் துழாவினான். "பலகை எங்கக்கா?" என்று குழறிக் கேட்டான்.

"பழசாப் போச்சுடா. போகிக்குப் போட்டுட்டேன்."

"பெயிண்ட் வாசனை வந்துச்சே. அதுவா?" என்றான். பிறகு, "சரி விடுக்கா. மரம்தானே" என்றான்.

என்னைத் திட்டவில்லை. ஆனால் அன்றைக்கு நின்ற இடது கை பிறகு அசையவே இல்லை. வலது கைக்குப் பக்கத்தில் அதையும் போட்டுவிட்டான். சோறு நான்தான் ஊட்டினேன். நாலாவது மாதம் போய்விட்டான். மூலக்கொத்தளம் இடுகாட்டில் நைனாவை வைத்த மண்ணுக்குப் பக்கத்திலேயே அவனையும் வைத்தோம்.

நினைவு நாளில் படத்துக்குப் பக்கத்தில் வைக்க அந்தப் பலகை வேண்டும் என்று ஸ்டீபன் தம்பி கேட்டார். வெள்ளை அடிக்கும்போது எங்கேயோ மாட்டிக்கொண்டது, தேடுகிறேன் என்று பொய் சொன்னேன். நல்ல மனுஷர், பரண் மேலெல்லாம் ஏறித் தேடினார். பலகை வைக்க ஒரு சின்ன மேசை கூடச் செய்யச் சொல்லிவிட்டார். நான் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

போன மாதம் அவர் இரண்டு பாட்டு கொண்டுவந்தார். நினைவு நாளில் போட ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். டிரம்ஸ் ஒரு நாள், பியானோ ஒரு நாள் என்று தனித்தனியாகப் பதிவு செய்வார்களாம். இரண்டில் ஒன்றுதான் தம்பி வாசித்தது, எது என்று நண்பர்களுக்குள்ளேயே வழக்கு. "நீங்க கேட்டுப் பாருங்கக்கா" என்றார். நான் எதைக் கண்டேன் என்று சொன்னேன். ஆனாலும் கையோடு கொண்டுவந்த டேப் ரெக்கார்டரில் போட்டார்.

முதல் பாட்டில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது பாட்டில் கொஞ்ச நேரத்தில் அவன் விரல் தெரிந்தது. பலகையில் போகிற மாதிரியே போனது. இடது கை இடித்து இடித்து வந்து மேலே எழும்பியது. "இப்போ நிக்கும் பாரு" என்று நான் சொல்லி வாய் மூடவில்லை, பியானோ நின்றது. பாடுகிறவர் மூச்சு இழுக்கிற சத்தம் கேட்டது. அப்புறம்தான் மறுபடி வந்தது. ஸ்டீபன் தம்பி தலையைக் குனிந்துகொண்டார். அன்றைக்குத்தான் தம்பி வாசித்து நான் காதால் கேட்டேன்.

போகும்போது, "பலகை மட்டும் கெடச்சுதுன்னா போதும்க்கா" என்று சொல்லிவிட்டுப் போனார். தேடுகிறேன் என்றுதான் அப்போதும் சொன்னேன்.

தம்பியை ஆஸ்பத்திரியில் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்ட நண்பர்களுக்கும், கஞ்சி வைத்துக் கொடுத்த அக்கம்பக்கத்துக் குடித்தனங்களுக்கும், மூலக்கொத்தளம் வரை தோள் கொடுத்த பிள்ளைகளுக்கும் என் கையெடுத்த கும்பிடு. நீங்கள் இல்லாவிட்டால் நான் ஒருத்தி ஒன்றும் செய்திருக்க முடியாது.

ஸ்டீபன் தம்பி, இனிமேல் பலகையைத் தேட வேண்டாம். மன்னிப்பதும் மன்னிக்காததும் உங்கள் மனசு. நினைவு நாளன்று நான் வாசலில் உட்கார மாட்டேன், உள்ளே வருவேன். அந்தச் சின்ன மேசையை எடுத்துவிட்டு ஒரு நாற்காலி போடுங்கள். தம்பி படத்துக்குப் பக்கத்தில், பலகை இருக்க வேண்டிய இடத்தில், நான் உட்கார்ந்து கேட்கிறேன்.